பிடியரிசி வழக்கு

குன்னுகுழி, திருவனந்தபுரம்
1944 ஜனவரி 11

பிரியமுள்ள தம்பி தாசையனுக்கு, அக்கா ராஜபாய் எழுதுவது.

நான் சுகம். நீயும் பொன்னம்மையும் சுகமா? "கர்த்தருக்குள் பிரியமுள்ள" என்று தொடங்க வேண்டியதை அக்கா மறந்துவிட்டாள் என்று நினைக்காதே. வேண்டுமென்றுதான் விட்டேன். உன் கர்த்தருக்கும் எனக்கும் இப்போது பேச்சுவார்த்தை இல்லை.

சத்தியதாஸ் மலாயாத் தோட்டத்திலிருந்து கடைசியாக எழுதிய கடிதம் 1941 நவம்பரில் வந்தது. "அம்மா, சட்டையெல்லாம் பித்தான் தெறித்துப்போயிற்று, கிறிஸ்துமசுக்கு ஒன்று தைத்து அனுப்புங்கள்" என்று எழுதியிருந்தான். ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் தையல் சொல்லிக்கொடுக்கிறவள் என் பிள்ளைக்குத் தைக்காமல் இருப்பேனா? தைத்தேன். அனுப்புவதற்குள் ஜப்பான்காரன் அங்கே வந்துவிட்டான். அதன்பின் மூன்று கிறிஸ்துமஸ் போயாயிற்று. சட்டை பெட்டியில் இருக்கிறது. பிள்ளை எங்கே இருக்கிறான் என்று தெரியாது. இருக்கிறானா என்றே தெரியாது.

என் தெருவுக்குத் தினமும் இரண்டு பேர் கடிதம் கொண்டுவருகிறார்கள். காலையில் நம் சமஸ்தானத்து அஞ்சல்காரர். உன் கடிதம் அவரிடம்தான் வரும். சாயங்காலம் நாலு மணிக்கு இங்கிலீஷ் தபால்காரர். மலாயாக் கடிதம் வந்தால் அவரிடம்தான் வரவேண்டும். இரண்டு வருஷமாக அந்த மனிதர் என் வாசல் வந்ததும் குனிந்துகொண்டு நடையை எட்டிப்போடுகிறார். என் முகத்தைப் பார்க்க அவருக்கே கூச்சமாக இருக்கிறது.

நான் ஆண்டவரிடம் கேட்டது பெரிய சொத்து ஒன்றுமில்லை. ஒரு கார்டு, அதில் இரண்டு வரி. அதைக்கூட அவரால் கொண்டுவர முடியவில்லை. அதனால் புதுவருஷத்தன்று பிடியரிசியை நிறுத்திவிட்டேன். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாள் முதல், உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடி எடுத்து ஆண்டவர் கலயத்தில் போடுவேன். மாசக் கடைசியில் பெண்கள் சங்கத்துச் செல்லபாய் சாக்கோடு வந்து வாங்கிப்போவாள். உன் அத்தான் இறந்த அன்று வீட்டில் உலை வைக்கவில்லை. மறுநாள் இரண்டு பிடி போட்டேன். அப்படி இருபத்தேழு வருஷம். இப்போது கலயத்தைக் கழுவிப் பரணில் கவிழ்த்துவிட்டேன். எனக்குப் பதில் வரும்வரை அவர் பங்கு அவருக்குக் கிடையாது.

நீ ஒரு சபையை நடத்துகிற உபதேசியார். இதைப் பிறர் வாயால் கேட்க வேண்டாமென்றுதான் எழுதுகிறேன். பனிக்காலம், காதை மூடிக்கொண்டு வெளியே போ.

உன் அக்கா
ராஜபாய்


நெடுங்காட்டுவிளை, குழித்துறை
1944 ஜனவரி 20

கர்த்தருக்குள் பிரியமுள்ள, கர்த்தருக்குள் பிரியமுள்ள அக்காவுக்கு (நீங்கள் விட்டதையும் சேர்த்து நானே இரண்டு முறை எழுதிவிட்டேன்),

தாசையன் வணக்கத்துடன் எழுதுவது. நாங்கள் இங்கே பூரண சுகம். உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பொன்னம்மையிடம் வாசித்துக் காட்டினேன். அவள், "மைனி சொல்லுகதும் செரிதானே" என்றாள். அவளுக்கும் தனியாகப் புத்தி சொல்லவேண்டியதாயிற்று.

அக்கா, நாம் மனிதர். அவர் வேலையை அவர் செய்கிற விதம் நமக்கு விளங்காது. இத்துடன் முப்பத்திரண்டு வசனங்களைத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். காலையில் எட்டு, மத்தியானம் எட்டு, சாயங்காலம் எட்டு, படுக்குமுன் எட்டு வாசிக்கவும். ஆகாரத்துக்கு முன் வாசித்தால் நல்லது. ஒரு வாரத்தில் குணம் தெரியும்.

எங்கள் சபையார் மிகவும் அன்பானவர்கள். எங்களுக்கு ஒன்றுக்கும் குறைவில்லை. ஆனால் அக்கா, பிடியரிசியை மட்டும் நிறுத்தாதீர்கள். ஏனென்றால் அது (இந்த இடத்தில் இரண்டு வரியை அடித்துவிட்டேன். பொருட்படுத்த வேண்டாம்) நல்ல வழக்கம்.

சத்தியதாசுக்காகத் தினமும் ஜெபிக்கிறோம்.

கீழ்ப்படிதலுள்ள தம்பி
தாசையன்


குன்னுகுழி
1944 பிப்ரவரி 14

பிரியமுள்ள தம்பிக்கு,

சுகம். அங்கே எல்லாரும் சுகமென்று எழுதியிருந்தாய், சந்தோஷம். உன் முப்பத்திரண்டு வசனங்களையும் இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். இருபத்தொன்பது எனக்கு மனப்பாடம். மீதி மூன்றில் நீ அதிகாரத்தைத் தப்பாகப் போட்டிருக்கிறாய், திருத்திக்கொள். இனி எனக்கு வசனம் எழுதாதே. தலைவலிக்காரியிடம் தலையைப்பற்றிப் பிரசங்கம் பண்ணுவது போலிருக்கிறது.

இங்கே ஒரு சங்கடம். கலயத்தைக் கவிழ்த்த மறுநாள் உலைக்கு அரிசி எடுக்கப் போனேன். கை தன்பாட்டுக்கு ஒரு பிடி எடுத்து, கலயம் இருந்த இடத்தில் போட்டுவிட்டது. கலயம் இல்லையே, தரையெல்லாம் அரிசி. ரேஷன் அரிசி! ஒவ்வொரு மணியாகப் பொறுக்கினேன். மூன்று நாள் இதே கூத்து. இருபத்தேழு வருஷம் பழகிய கை, நான் சண்டை போட்டது அதற்குத் தெரியவில்லை. கடைசியில் சத்தியதாஸ் சின்னப் பிள்ளையில் கோலிக்குண்டு போட்டுவைத்திருந்த பெரிய பிஸ்கட் தகரத்தை எடுத்து அந்த இடத்தில் வைத்தேன். இப்போது தினமும் ஒரு பிடி அதில் விழுகிறது.

இதைக் காணிக்கை என்று நினைத்துவிடாதே. நான் கொடுக்கவில்லை, கை எடுக்கிறது. எடுத்ததை நான் பிடித்து வைத்திருக்கிறேன். மூடியின்மேல் பிள்ளையின் கடைசிக் கடிதத்தை வைத்து நூலால் கட்டியிருக்கிறேன். ஆண்டவர் பதில் தரட்டும், அவர் அரிசியை விடுகிறேன்.

சாயங்கால ஜெபமும் நிறுத்தியாயிற்று. நேரத்துக்கு விளக்கை வைத்துக்கொண்டு உட்காருவேன். "ஆண்டவரே, இன்றைக்கும் ஜெபம் கிடையாது. காரணம் உமக்கே தெரியும். ஆமென்" என்று சொல்லிவிட்டு எழுந்துவிடுவேன். சொல்லாமல் விட்டால், இவள் மறந்துபோனாள் என்று அவர் சும்மா இருந்துவிடுவார் அல்லவா?

செல்லபாய் சாக்கோடு வந்தாள். இல்லையென்று அனுப்பினேன். அடுத்த பெண்கள் கூட்டத்தில் எழுந்து நின்று ஜெபம் பண்ணினாள்: "ஆண்டவரே, எங்களில ஒரு சகோதரி வழி தப்பி நிக்காவ. பேரு நான் சொல்லல்ல. தையல் படிப்பிச்சுக் குடுக்கிய, மகன் மலாயாவில இருக்கிய, இப்பம் மூணாமத்த பெஞ்சில வலத்தே ஓரத்தில இருக்கிய அந்தச் சகோதரிய..." முப்பது பேரும் கண்ணை மூடிக்கொண்டே என் பக்கம் திரும்பினார்கள்.

ஆமாம், கோவிலுக்குப் போகிறேன். கோபம் அவரோடுதான், பெஞ்சு என்ன செய்தது?

பொன்னம்மைக்கு முழங்கால் வலி குறைந்ததா? எழுது.

அக்கா
ராஜபாய்


நெடுங்காட்டுவிளை
1944 மார்ச் 19

பிரியமுள்ள அக்காவுக்கு,

வணக்கம். சுகம். பதில் எழுத ஒரு மாதத்துக்குமேல் ஆகிவிட்டது, மன்னிக்கவும். கடுதாசித் தட்டுப்பாடு, அதனால்தான் பழைய ஞாயிறுபள்ளி நோட்டீசின் பின்புறத்தில் எழுதுகிறேன். வசனம் எழுத வந்த கையை இழுத்துப் பிடித்துக்கொண்டேன்.

அந்தத் தகரத்து அரிசியில் வண்டு விழாமல் வேப்பிலை போட்டு வைக்கவும். மாதத்துக்கு ஒருமுறை வெயிலில் காட்டவும். இப்போது அது எவ்வளவு இருக்கும்? சும்மாதான் கேட்கிறேன். புழுங்கலா, பச்சையா?

இங்கே மரச்சீனிக் கிழங்கு இந்த வருஷம் நன்றாக விளைந்திருக்கிறது. ஆண்டவருடைய சிருஷ்டிப்பில் மரச்சீனியைப்பற்றி நாம் போதிய அளவு சிந்திப்பதில்லை என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. அவிக்கலாம், சுடலாம், உப்புப் போட்டும் தின்னலாம், உப்பில்லாமலும் தின்னலாம்.

பொன்னம்மை சற்று மெலிந்து, கல்யாணத்தில் பார்த்தது போலிருக்கிறாள். முழங்கால் வலியும் அதனால் குறைவுதான். நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடவும்.

தம்பி
தாசையன்


குன்னுகுழி
1944 ஏப்ரல் 6

பிரியமுள்ள தம்பிக்கு,

நான் சுகமாக இருக்கிறேனா என்று இதை வாசித்துவிட்டு நீயே சொல். உனக்கு என்மேல் கோபமோ? முன்பெல்லாம் நாலு பக்கத்துக்குக் குறைந்து எழுதமாட்டாய். இப்போது ஒரு நோட்டீசின் முதுகு, அதிலும் பாதி மரச்சீனி.

செவ்வாய்க்கிழமை ரேஷன் இன்ஸ்பெக்டர் தாணுலிங்கம் என்பவர் வீடு சோதிக்க வந்தார். நாகர்கோவில் பக்கத்து மனிதர், மீசை பெரிது, குரல் சின்னது. பதுக்கல் அரிசி இருக்கிறதா என்று எங்கள் தெரு முழுக்கப் பார்க்கிறார்கள். கார்டு அரிசி தவிர வேறு வல்லதும் உண்டா என்றார். என் பானையைக் காட்டினேன். அடியில் இரண்டு நாழி கிடந்தது. பாவம் என்பதுபோல் என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பினவர், பிஸ்கட் தகரத்தைப் பார்த்துவிட்டார். திறந்தால் வாய்வரைக்கும் அரிசி, மேலே உன் வேப்பிலை.

"இது ஆருக்க அரிசி டீச்சர்?"

"எனக்குள்ளது இல்ல."

"பின்ன?"

"ஆண்டவருக்குள்ளது."

"செரி. அவருக்குக் கார்டு உண்டா?"

"அத அவருகிட்ட கேளும். நான் அவருகிட்ட பேசதில்ல."

மனிதர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். "பேசாத ஆளுக்கா தெனம் ஒரு பிடி எடுத்து வைக்கிய?" என்று கேட்டார்.

"நான் வைக்கல்ல. கை வைக்குது."

"கைக்குத் தனிக் கார்டு உண்டா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்திருக்கும், மீசையால் தெரியவில்லை. பிறகு நூலில் கட்டியிருந்த கடிதம் என்னவென்று கேட்டார். சொன்னேன். மூடியை அவரே பழையபடி வைத்தார். "எங்க வீட்டிலயும் அம்மன் கொடைக்கு ஒரு கலயம் உண்டு" என்றார். ஆனாலும் சட்டம் சட்டம்தானே? ஒரு சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். மேற்படி தகரத்து அரிசியை இம்மாத இறுதிக்குள் உரியவரிடம் ஒப்படைத்து, அவர் கையெழுத்திட்ட ரசீது காட்டவேண்டும். தவறினால் சர்க்கார் எடுத்துக்கொள்ளும்.

உரியவரிடம் கையெழுத்து வாங்கவேண்டுமாம்! செல்லபாயிடம் கொடுத்தால் என் வழக்கு தோற்றது. கொடுக்காவிட்டால் சர்க்கார் கொண்டுபோகும். நீயே ஒரு வழி சொல். அதோடு ஒரு கேள்வி. இருபத்தேழு வருஷமாக எனக்கு இதைக் கேட்கத் தோன்றவில்லை. செல்லபாயின் சாக்கில் போகிற அரிசி கடைசியில் எங்கே போகிறது? ஆண்டவர் இறங்கிவந்து சாப்பிடுகிறதில்லையே. அதை யார் தின்கிறார்கள்?

பதில் உடனே வேண்டும்.

அக்கா
ராஜபாய்


நெடுங்காட்டுவிளை
1944 ஏப்ரல் 17

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். பிடியரிசி ஊழியத்துக்குப் பயன்படுகிறது. செல்லபாய் அம்மாளிடம் கொடுத்து ரசீது வாங்குவதே உத்தமம். பொன்னம்மையும் சுகம். வேறு விசேஷமில்லை.

தாசையன்


நெடுங்காட்டுவிளை
1944 ஏப்ரல் 18

அன்புள்ள மைனிக்கு, பொன்னம்மை எழுதுவது.

நீங்கள் சுகமாயிருக்க வேண்டுகிறேன். நாங்கள் சுகமில்லை. இந்தக் கடிதம் எழுதுவது அவருக்குத் தெரியாது. ஒன்றுக்கும் குறைவில்லை என்று உங்களுக்கு அவர் எழுதும்போதெல்லாம் நான் பின்னால் நின்று பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

பிடியரிசியை யார் தின்கிறார்கள் என்று கேட்டீர்கள். உபதேசிமார் தின்கிறோம் மைனி. ஒவ்வொரு சபையிலும் அதை அளந்து உபதேசியார் வீட்டுக்குக் கொடுப்பார்கள். பட்டணத்துச் சபையில் சேருவதை ஏதாவது ஏழைக் கிராமத்துக்கு அனுப்புவார்கள். எங்களுக்கு இந்த ஊரில் நாற்பத்திரண்டு வீட்டுப் பிடியரிசிதான் சோறு. போன டிசம்பரிலிருந்து எல்லா வீட்டிலும் கலயம் கவிழ்ந்துவிட்டது. இவர்கள் உங்களைப்போல் சண்டை போட்டு நிறுத்தவில்லை. பாதி வீட்டில் அரிசி இல்லை, மீதி வீட்டில் நாளைக்கு இருக்காதோ என்று பயம். கார்டு அரிசி இந்தப் பக்கத்துக்கு ஒரு வாரம் வந்தால் மூன்று வாரம் வருவதில்லை. நாலு மாதமாக மூன்று நேரமும் மரச்சீனிதான்.

குருத்தோலை ஞாயிறன்று பிரசங்கத்தின் நடுவில் அவர் கீழே விழுந்துவிட்டார். சபையார் அதை ஆவியின் அருள் என்று நினைத்து எழுந்து நின்று பாடத் தொடங்கிவிட்டார்கள். பாட்டின் நாலு கவியும் பாடி முடிக்கிறவரை யாரும் தண்ணீர் தெளிக்கவில்லை. நான் பெண்கள் பக்கத்திலிருந்து கூட்டத்தை விலக்கிக்கொண்டு வருவதற்குள் ஐந்தாவது தொடங்கிவிட்டது.

இன்னொன்று. உங்களுக்கு முப்பத்திரண்டு வசனம் எழுதி அனுப்பிய அன்று சாயங்காலம், வீட்டுக்குப் பின்னால் மரச்சீனி போட்டிருக்கிற விளையில் நின்றுகொண்டு, "நீர் இருக்கீரா, இல்லியா? இருந்தா எனக்க அக்காளுக்காவது ஒரு வாக்குச் சொல்லும்" என்று சத்தம் போட்டார். பக்கத்து விளைக்காரர் பன்றி விரட்டுகிறார் என்று நினைத்துக் கம்போடு ஓடி வந்தார். இவரும் "ஆமா, பன்னிதான்" என்று சொல்லிவிட்டார். இப்போது அநேகமாகத் தினமும் போகிறார். திரும்பி வந்து முகம் கழுவிவிட்டு ஜெபம் பண்ணுகிறார். வாய்தான் ஜெபிக்கிறது, எனக்குத் தெரியும்.

உங்களிடம் கேட்டு வாங்கவேண்டுமென்று எழுதவில்லை மைனி. யாரிடமாவது சொல்லவேண்டும்போல் இருந்தது.

பொன்னம்மை


குன்னுகுழி
1944 ஏப்ரல் 25

தாசையனுக்கு,

உன் சுகத்தை நான் விசாரிக்கப்போவதில்லை. பொய் சொல்லுவாய். பொன்னம்மையை ஒரு வார்த்தை கடிந்து பேசினாலும் உன்னைச் சும்மா விடமாட்டேன்.

அவள் கடிதத்தை வாசித்து அடுக்களையில் உட்கார்ந்து அழுதேன். மூன்று மாதமாக ஆண்டவரைப் பட்டினி போடுகிறேன் என்று வீம்பு பிடித்துக்கொண்டிருந்தேன். அவருக்கென்ன, பசியா தாகமா? பட்டினி கிடந்தது உன்னைப்போல் யாரோ ஒரு உபதேசியார். அவருக்கும் எங்கோ ஒரு அக்கா இருப்பாள்.

இன்ஸ்பெக்டர் தாணுலிங்கத்திடம் போனேன். உரியவருடைய ஆளைக் கண்டுபிடித்துவிட்டேன் என்றேன். ஊர்விட்டு ஊர் அரிசி கொண்டுபோகப் பெர்மிட் வேண்டுமே என்று ஒரு அச்சடித்த தாள் எடுத்தார். பெறுபவர் பெயர் என்று ஒரு கட்டம். அவர் பேனாவை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். கடைசியில், "ஆண்டவர், மேற்பார்வை உபதேசியார் தாசையன், நெடுங்காட்டுவிளை" என்று எழுதி, சர்க்கார் முத்திரையை ஓங்கிக் குத்தினார். "எனக்க சர்வீசில இப்பிடி ஒரு பேரு எழுதினதில்ல டீச்சர்" என்றார்.

சனிக்கிழமை தம்பானூரில் பஸ் ஏறுகிறேன். கரியில் ஓடும் வண்டி. ஏற்றத்தில் இறங்கித் தள்ளவேண்டுமாம். தள்ளுகிறேன். தகரம் என் மடியில் இருக்கும். பொன்னம்மை உலையை வைத்திருக்கட்டும். நீ எனக்கு எந்த விளக்கமும் சொல்லவேண்டாம்.

அக்கா


நெடுங்காட்டுவிளை
1944 மே 15

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் சுகமாகப் போய்ச் சேர்ந்த கார்டு கிடைத்தது. பஸ் தள்ளினதில் தோள் வலி என்று எழுதியிருந்தீர்கள், எண்ணெய் தேய்க்கவும். நாங்கள் சுகம். இந்த முறை நிஜமாகவே சுகம்.

நேரில் சொல்ல வெட்கப்பட்டதை எழுதுகிறேன். தகரத்தை என் முன்னால் வைத்து, "ஆண்டவருக்காகப் பெற்றுக்கொண்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போடு" என்றீர்கள். எடுத்த பேனாவைத் திரும்பக் கீழே வைத்தேன். பசி என்று நினைத்திருப்பீர்கள். பசியில்லை. அவரோடு எனக்கு நல்ல உறவு இருந்து நாலு மாதம் ஆகியிருந்தது. ஞாயிறுதோறும் அவர் பேரால் பேசிவிட்டு, பின்பக்கம் போய் அவர் இருக்கிறாரா என்று கேட்டுக்கொண்டிருந்த ஆள், அவருக்காக எப்படிக் கையெழுத்துப் போடுவது? நீங்கள், "போடுலே, அரிசி காத்துக்கெடக்கு" என்றீர்கள். போட்டேன்.

பிறகு சோறு வந்தது. ஆவி பறந்தது. ஜெபம் பண்ண எழுந்தேன், வாய் வரவில்லை. பொன்னம்மை தலை குனிந்திருந்தாள். பேச்சுவார்த்தை இல்லாத நீங்கள்தான் ஜெபித்தீர்கள்: "ஆண்டவரே, எனக்கு ஒம்மேல இன்னும் கோவந்தான். சோறு ஆறுது. ஆமென்."

அக்கா, பதினெட்டு வருஷ ஊழியத்தில் எத்தனையோ நீண்ட ஜெபங்கள் கேட்டிருக்கிறேன், பண்ணியுமிருக்கிறேன். அன்றைக்குத்தான் யாரோ நிஜமாக ஒருவரோடு பேசுகிறதைக் கேட்டேன். சாப்பிடும்போது நான் அழுதது உங்கள் மிளகாய்த் துவையலால் அல்ல. இப்போதும் விளைக்குப் போகிறேன், இப்போதும் கேட்கிறேன். ஆனால் இருக்கிறீரா என்று கேட்பதில்லை. ஏன் பேசமாட்டேன் என்கிறீர் என்று கேட்கிறேன்.

சபைச் செய்தி ஒன்று. உங்கள் பெர்மிட்டை மூப்பர் ஒருவர் வாங்கிப் பார்த்தார். சர்க்கார் முத்திரைக்கு மேலே ஆண்டவர் பெயரும் எங்கள் ஊர்ப் பெயரும் சேர்ந்து இருப்பதை வீடுவீடாகக் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார். திருவனந்தபுரத்திலிருந்து ஒரு தனிப் பெண்பிள்ளை அரிசி கொண்டுவரும்படி ஆயிற்றே என்று வெட்கமோ, சர்க்கார் சோதனைக்கு வரும் என்ற பயமோ, பதினொரு வீட்டில் கலயத்தை நிமிர்த்திவிட்டார்கள். பிடி சின்னதுதான். வருகிறது.

தம்பி
தாசையன்


குன்னுகுழி
1944 ஜூலை 8

கர்த்தருக்குள் பிரியமுள்ள தம்பிக்கு (எழுதிவிட்டேன். இதைப் பெரிதுபண்ணிப் பிரசங்கத்தில் சேர்க்காதே),

சுகம். தோள் வலி போய்விட்டது. உன் ரசீதை இன்ஸ்பெக்டரிடம் கொடுத்தேன். "ஆண்டவருக்காக, தாசையன்" என்பதை இரண்டு தரம் வாசித்துவிட்டு, "இந்தக் கையெழுத்துக்கு மேலதிகாரி ஆட்சேபம் சொல்லமாட்டாரு" என்று பைலில் ஒட்டினார். போகும்போது, "வல்ல விவரமும் உண்டா டீச்சர்?" என்று கேட்டார். அரிசியைக் கேட்கவில்லை.

ஒரு விவரமும் இல்லை. சத்தியதாஸ் கடிதம் வரவில்லை. சட்டையை வெயிலில் காட்டி, கழுத்தை ஒரு விரல் அகலம் கூட்டித் தைத்து, திரும்பவும் பெட்டியில் வைத்தேன். இரண்டரை வருஷத்தில் தடித்திருக்கலாம். மெலிந்திருந்தால் வந்தபிறகு பிடித்துக்கொள்ளலாம்.

கலயத்தைப் பரணிலிருந்து இறக்கிவிட்டேன். அரிசி செல்லபாய்க்கே போகிறது. தன் ஜெபத்தால்தான் இந்த மனமாற்றம் என்று அவள் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். சொல்லட்டும். அவளுடைய சாக்கு போகிற ஊரில் ஒரு பொன்னம்மை இருப்பாள்.

ஆனால் வழக்கை நான் வாபஸ் வாங்கவில்லை. நீ அப்படி நினைத்துக்கொண்டு எனக்கு வசனம் அனுப்பிவிடாதே. கோபம் அப்படியே இருக்கிறது. சில நாள் பாத்திரம் கழுவும்போது வாய்விட்டே கேட்கிறேன். பக்கத்து வீட்டில் நான் யாரோடு இப்படிச் சண்டை போடுகிறேன் என்று கேட்டார்கள். அப்போதுதான் எனக்கே உறைத்தது. இல்லாத ஆளோடு ஒருத்தி இப்படித் தினமும் மல்லுக்கு நிற்பாளா?

உன் கன்னத்தில் சதை வந்ததா என்று பொன்னம்மையை எழுதச் சொல். நீ எழுதினால் நம்பமாட்டேன்.

இரு, வாசலில் ஆள் சத்தம். மணி நாலு.

தபால்காரர்தான். வாசலில் நின்றுவிட்டார். பேனாவைப் போட்டுவிட்டு ஓடினேன். அவர் பையைத் திறக்கவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு, "டீச்சரே, இச்சிரி வெள்ளம் தருமோ?" என்றார். தண்ணீர் கேட்க வந்திருக்கிறார்! என்னுடைய கஞ்சித் தண்ணீரில் உப்புப் போட்டுக் கொடுத்தேன். குடித்தார். செம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, இரண்டரை வருஷத்தில் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார். "சத்தியதாசின்றெ கத்து வந்நால் ஞான் நடந்நு வரில்ல டீச்சரே. ஓடி வரும்" என்றார். கடிதம் வந்தால் நடந்து வரமாட்டாராம், ஓடி வருவாராம்.

அவர் தெருக்கோடி திரும்புகிறவரை நின்று பார்த்தேன். நடந்துதான் போனார்.

உள்ளே வந்து, இருட்டினதும் விளக்கு வைத்தேன். இன்றைய ஜெபத்தை உனக்கும் எழுதிவிடுகிறேன்: "ஆண்டவரே, தபால்காரருக்கே என் பிள்ளை பெயர் தெரிகிறது. உமக்குத் தெரியாமல் இருக்காது. உம்முடைய பிடி கலயத்தில் இருக்கிறது. நாளைக்கும் போடுவேன், நாளைக்கும் கேட்பேன். ஆமென்."

உன் அக்கா
ராஜபாய்